தேர் நின்ற வாசல்

கண்டி டவுனில் எனக்கு ஒரு சின்ன மின்சாமான் கடை இருக்கிறது. பல்பு, ஹோல்டர், வயர், மழைக்காலத்தில் டோர்ச் லைட், வெயில் காலத்தில் மேசை மின்விசிறி. மின்சாரத்தைப் பற்றிய என் அறிவெல்லாம் பெட்டியைப் பார்த்து இது எத்தனை வோட் பல்பு என்று சொல்வது வரைக்கும்தான். ஆனால் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அம்பிட்டியவுக்கு மேலே, நாங்கள் குடியிருக்கும் மேட்டில், அம்மன் கோயில் கமிட்டிக்கு நான்தான் கரண்ட் ஆள். கோயிலில் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மைக் இரைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேருக்காக மின்சாரக் கந்தோருக்குப் போய்ப் பேசுகிற வேலையும் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடப் பொய். நான் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் தேர் ஆடி மாதத்தில் ஓடும். கோயிலிலிருந்து இறங்கி, வீடுகளுக்கு நடுவே வந்து, வளைவு தாண்டி, கீழ் ரோட்டு வழியாகச் சுற்றித் திரும்பும். அந்த வழியில் ஓர் இடத்தில் பெரிய லைன் குறுக்கிடுகிறது. வீடுகளுக்கு வருகிற கறுப்பு வயர் அல்ல. மலைக்கு மலை இழுத்துக் கட்டிய, மேலே உறை எதுவும் இல்லாத உயர் அழுத்தக் கம்பி. அது என் வீட்டுப் பக்கத்தில் வீதிக்கு மேலே வந்து, வளைவு வரைக்கும் வீதியோடேயே போகிறது. அந்தத் துண்டில் இரண்டு பக்கமும் வீடுகள். மேலிருந்து வந்தால் முதல் வீடு என்னுடையது. வளைவுக்கு முன்னால் கடைசி வீடு, ஓய்வுபெற்ற ஒரு டீச்சருடையது.

முன்பெல்லாம் அந்தக் கம்பியை யாரும் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. அப்போது தேர் சின்னது, வீதியும் பள்ளத்தில் கிடந்தது. பிறகு வீதிக்கு இரண்டு தடவை கொங்கிரீட் போட்டார்கள், அது உயர்ந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள், தேருக்கு ஒரு தட்டு கூட்டினோம், அதற்கு மேல் பெரிய பித்தளைக் கலசம் வைத்தோம். கீழிருந்து நாங்கள் உயர, மேலிருந்து கம்பி வெயிலில் தொய்ந்து இறங்க, நடுவில் இருந்த இடம் போய்விட்டது.

அதைப் பார்க்க மின்சாரக் கந்தோரிலிருந்து ஒரு போர்மன் வந்தார். சிங்களவர், குள்ளமான ஆள், சிரிக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன். தேரை அளந்தார், கம்பியைப் பார்த்தார், பிறகு கோயில் சுவரில் சாய்த்து வைத்திருந்த மூங்கில்களைப் பார்த்தார். நுனியில் கவை வைத்த நீளமான பச்சை மூங்கில்கள். தேருக்கு முன்னால் இளவட்டங்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வீட்டு வயர், டெலிபோன் வயர் எது குறுக்கே வந்தாலும் கவையில் தாங்கி உயர்த்திப் பிடிப்பார்கள், தேர் அடியில் நுழைந்து போகும். எங்கள் பக்கத்தில் எல்லாத் தேருக்கும் இதுதான் வழக்கம்.

"இத வச்சுப் பெரிய லைனையும் தூக்குவீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மூங்கில்தானே, மரந்தானே?" என்றேன். நான் கரண்ட் ஆள் அல்லவா.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பச்சை மூங்கிலுக்குள் இருப்பது தண்ணீர் என்றார். பெரிய லைனைத் தொடக்கூட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே பாயும் என்றார். பிறகு எங்கள் சாமி கும்பிடுதல் முழுவதையும் விசாரித்தார். வடம் பிடிப்பவர்கள் செருப்புப் போடுவார்களா? மாட்டார்கள். தேருக்கு முன்னால் ரோட்டில் என்ன ஊற்றுகிறீர்கள்? மஞ்சள் தண்ணீர். உச்சியில் இருப்பது? பித்தளை. "வெறுங்கால், ஈர ரோட்டு, பச்சை மூங்கில், மேல பித்தளை. சாகுறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் நீங்களே ரெடி பண்ணித்தான் வச்சிருக்கீங்க" என்றார். கமிட்டிக்காரர்கள் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். கவனமாக இருக்கச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

அவர் வைத்த ஒழுங்கு இதுதான். தேர் அந்தத் துண்டுக்குள் நுழையும் முன் லைனை நிறுத்தி, அவருடைய ஆட்கள் அதைத் தரையோடு இணைத்து எர்த் பண்ணுவார்கள். அவர் வாயால் சொல்லும்வரை ஒருவரும் உள்ளே வரக்கூடாது. வீட்டில் லைட் அணைந்துவிட்டது என்பதை வைத்து மேலே கம்பி செத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. உள்ளே வந்த பிறகு எங்கும் நிற்காமல் வளைவைத் தாண்டிவிட வேண்டும். கடைசியாக ஒன்று. லைனை நிறுத்தக் கேட்ட ஆள் யாரோ, அந்த ஒரே ஆள்தான் நேரில் வந்து முகத்தைப் பார்த்து, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், போடலாம் என்று சொல்ல வேண்டும். கையசைப்பு, கூச்சல், ஆள்விட்டுச் சொல்வது எதுவும் செல்லாது.

"மந்திரி வந்து சொன்னாலும் போட மாட்டேன். நீங்க சொன்னாத்தான்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

லைன் போனால் எங்கள் மேடு முழுவதற்கும் கரண்ட் போகும். அதனால் வீடு வீடாகச் சொல்லி வைத்தேன். டீச்சர் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருந்தது. டீச்சரின் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஒக்சிஜன் மெஷினில் குழாய் மாட்டியபடிதான் இருப்பார். அவர்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் அவர் நல்லபடியாக இருந்த காலத்தில், தேர் வருகிற நாளில் கேட்டில் மேசை போட்டு, வடம் பிடிக்கிறவர்களுக்கு அவர் கையாலேயே சர்பத் ஊற்றிக் கொடுப்பார். மதம் பார்க்காத தாகம் என்று பகிடி விடுவார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"எவ்வளவு நேரம் கரண்ட் இருக்காது?" என்று டீச்சர் கேட்டார். "சிலிண்டர் ஒண்ணுதான் வச்சிருக்கோம்."

"ஒரு மணித்தியாலம் டீச்சர். அதுக்குள்ள தேர் தாண்டிரும். நான்தானே பொறுப்பு."

தேர் அன்று காலை கோயில் மைக்கில் நானே அறிவித்தேன். பெரிய லைன் துண்டில் தேர் எந்த வீட்டுக்கும் நிற்காது, அர்ச்சனைத் தட்டுகளைக் கோயிலிலேயே கொடுத்துவிடுங்கள் என்று. என் குரல் மலையில் பட்டு எதிரொலித்ததைக் கேட்க எனக்கே பிடித்திருந்தது.

லைனை நிறுத்தினார்கள். எர்த் பண்ணினார்கள். போர்மன் வந்து சரி என்றார். தேர் உள்ளே நுழைந்தது, முதல் வீடு என் வீடு.

வாசலில் என் மனைவி நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, தட்டோடு நின்றாள். பக்கத்தில் மருமகள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அதற்குள் கத்தாரிலிருந்து மகன் கைகூப்பிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதுதான் விஷயம், வைக்காதே என்றும் சொல்லியிருக்கவில்லை. வடம் பிடித்தவர்கள் என் வீட்டைப் பார்த்ததும் தாங்களாகவே நின்றார்கள். ஒருவன் திரும்பி, "நம்ம ஐயா வீடு, நிப்பாட்டுங்கடா" என்றான். நான் தேருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன். கையை உயர்த்தி, போங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. ஊரே நிற்கக்கூடாத இடத்தில் அம்மன் எனக்காக நிற்கிறாள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. குருக்கள் ஒவ்வொருவர் பெயராக, நட்சத்திரமாகச் சொல்லி அர்ச்சனை செய்தார். நடுவில் போன் கோல் கட்டாகி, மகன் திரும்பி வரும்வரை தீபாராதனையைக்கூட நிறுத்தி வைத்தோம். ஊருக்கு உபதேசம் பண்ணிய வாய், தன் வீட்டு வாசலில் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு பேசாமல் இருந்தது.

எனக்கு நின்ற தேர் பக்கத்து வீட்டுக்கு நிற்காமல் போகுமா? எதிர்வீட்டுக்கு? தட்டைக் கோயிலில் கொடுத்தவர்கள்கூட வீட்டுக்குள் ஓடி இன்னொரு தேங்காயை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பேன்? ஒவ்வொரு வாசலிலும் பெயர், நட்சத்திரம், தேங்காய், கற்பூரம். போர்மன் வளைவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நான் அவர் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். டீச்சர் வீட்டை நெருங்கியபோது நேரம் கடந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. வேகமாக இழுங்கள் என்று கத்தினேன். அந்த அவசரத்தில் வளைவில் ஒரு சக்கரம் வழுக்கி வடிகாலுக்குள் இறங்கிவிட்டது. தேர் சாய்ந்து, கலசம் கம்பிக்குக் கிட்டப் போய் நின்றது.

அப்போதுதான் டீச்சரின் போன் வந்தது. எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் வீடு. ஆனால் கூட்டத்தில் யார் எங்கே என்று தெரியவில்லை.

"தம்பி, சிலிண்டர் முடியப் போகுது. அவருக்கு மூச்சு இழுக்குது. கரண்ட் எப்ப வரும்?"

நான் கம்பியைப் பார்த்தேன். தேர் மேல் குருக்களும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். வடத்தில் நூறு பேருக்குக் குறையாமல் வெறுங்காலோடு ஈரத்தில் நின்றார்கள். கமிட்டித் தலைவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கலசம் கம்பியில படலையே, போடச் சொல்லுங்க, அங்க ஒரு உயிரு போகுது" என்றார். போர்மன் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட முடியாது" என்றேன். டீச்சருக்கும் அதையே சொன்னேன். "டீச்சர், இப்பப் போட்டா இங்க எல்லாரும் போயிருவோம். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

எப்படிக் கொண்டு போவது? வீதியை அடைத்துக்கொண்டு தேர் நின்றது, முச்சக்கர வண்டி உள்ளே வர வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை ஒரு கதிரையில் உட்காரவைத்து, நான்கு பேராகத் தூக்கி, பின்பக்கத்துக் குறுகல் படிகளில் கீழ் ரோட்டுக்கு இறக்கினார்கள். வேலிக்கு மேலாக அந்தக் கதிரை அசைந்து அசைந்து இறங்குவதை நான் பார்த்தேன். அவருடைய தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பழைய ஆள் இல்லை. முன்பு குழாயோடு வீட்டுக்குள்ளாவது நடப்பார், இப்போது கட்டிலிலிருந்து கதிரைக்கு வருவதே ஒரு பயணம். நான் பழங்களோடு பார்க்கப் போனேன். வாயில் வரை போய்த் திரும்பி வந்து, மறுநாள் மறுபடியும் போனேன் என்பதுதான் சரி.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னைக்கு மனசு இளகி கரண்ட்டைப் போடச் சொல்லியிருந்தா எத்தனை குடும்பம் அழிஞ்சிருக்கும். எனக்குக் கோபம் வந்துச்சு தம்பி, பொய் சொல்ல மாட்டேன். பிறகு யோசிச்சேன். நீங்க செஞ்சதுதான் சரி" என்றார்.

ஏன் தாமதமானது என்று அவர் கேட்கவில்லை. சக்கரம் இறங்கியதால்தான் என்று நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை. கொண்டு போன தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு, அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணீரைச் சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அந்த வருடம் முழுக்க டீச்சர் என்னை எங்கே கண்டாலும் நல்ல வார்த்தைதான் சொன்னார். மார்க்கட்டில் ஒருமுறை யாரோ ஒருவரிடம், இவர்தான் அன்றைக்கு அத்தனை பேரையும் காப்பாற்றியவர் என்று அறிமுகப்படுத்தினார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது டீச்சரைக் கண்டால் ரோட்டின் அடுத்த பக்கத்துக்கே மாறச் சொன்னது, நானும் மாறினேன்.

இந்த வருடம் கமிட்டியில் நான் ஒற்றைக் காலில் நின்றேன். தேரின் மேல்தட்டைக் கழற்றினோம், அப்படியும் லைனை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றார் போர்மன். கவை மூங்கில்களைத் தேர் ரோட்டுக்கே கொண்டுவரக் கூடாது என்று விறகுக்கு வெட்டிவிட்டோம். லைன் துண்டில் தேர் ஒரு நொடியும் நிற்காது, யார் வீட்டு வாசலிலும் குடமோ தட்டோ இருக்கக் கூடாது என்றேன். என் வீட்டுக்கு எதிரில் இருக்கும் அக்கா கூட்டத்திலேயே எழுந்து நின்றார்.

"போன வருஷம் உங்க வீட்டுல நின்னுச்சு. உங்க மகன் போன்ல வர்ற வரைக்கும் நின்னுச்சு. இப்ப மத்தவங்களுக்குச் சட்டமாக்கும்?"

"அதனாலதான் அக்கா சொல்றேன்" என்றேன். அவர் முந்தானையை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

டீச்சரிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். இந்த முறை இரண்டு சிலிண்டர் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். "அவர் கேட்ல உக்காந்து தேர் பார்க்கணும்ங்கிறார். மூச்சு வாங்கும்னு சொன்னா கேக்குறாரில்லை" என்றார். பார்க்கட்டும் டீச்சர் என்றேன்.

தேர் அன்று என் வாசல் மூடிக் கிடந்தது. மனைவிக்கு என் மேல் கோபம், உள்ளேயே இருந்துவிட்டாள். தேர் நிற்காமல் தாண்டியது. எதிர்வீட்டு அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதை உறுதிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு யாரும் தட்டை நீட்டவில்லை. போர்மன் வளைவில் நின்றார், கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசி வாசலில் அண்ணன் இருந்தார்.

கதிரையில் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர். பழையபடி சின்ன மேசையில் சர்பத் ஜக்கும் கிளாஸ்களும் இருந்தன. மடியில் வாழையிலை விரித்து ஒரு மல்லிகை மாலை வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் மாலை வாங்கி நான் பார்த்ததில்லை. தேர் கிட்ட வந்ததும் ஒரு கையைக் கதிரையில் ஊன்றி அரைவாசி எழுந்து, மறு கையால் மாலையைத் தூக்கிப் பிடித்தார்.

வடம் தளர்ந்தது. முன்னால் இழுத்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட முணுமுணுத்திருக்க மாட்டார். எதிர்வீட்டு அக்காகூட. ஒரு நிமிட வேலை. ஆனால் அவருக்கு நின்றால், பின்னால் நடந்து வருகிறவர்களில் யார் இன்னொரு தேங்காயோடு ஓடி வருவார்கள், சக்கரம் எங்கே போய் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? அவருடைய மெஷின் உள்ளே ஓடாமல் கிடக்கிறது. அவர் சிலிண்டர் காற்றில் மூச்சு விடுகிறார்.

"இழுங்க" என்றேன். யாரும் அசையவில்லை. மறுபடியும் சொன்னேன். "நிக்காதீங்க, இழுங்க."

தேர் அவரைத் தாண்டிப் போனது. மாலையைப் பிடித்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கீழே இறங்கியது. எனக்காக நின்ற அம்மன் அவருக்கு நிற்கவில்லை. நிறுத்தாதவன் நான். வெயில் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வளைவு தாண்டியதும் கடைசி ஆள் வெளியே வரும்வரை பார்த்திருந்து, போர்மனிடம் போய் முகத்துக்கு நேராகச் சொன்னேன். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், போடலாம். அவர் தலையாட்டி, "இந்த முறை ஹரி, எல்லாம் சரி" என்று முதல் தடவையாகச் சிரித்தார். தேரோடு போகாமல் நான் திரும்பி அண்ணனின் கேட்டுக்கு வந்தேன்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. நிப்பாட்ட முடியல."

அவர் மூச்சை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "தெரியும். காலையில நீ மைக்ல சொன்னது கேட்டுச்சு. போன வருஷம் உன் வீட்டுல நின்னுச்சே, அதான் ஒரு நப்பாசை."

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"படிக்கட்டுல தூக்கிட்டுப் போனவங்க சொல்லிட்டுத்தான் போனாங்க. கண்ணை மூடியிருந்தேன், காது திறந்துதானே இருந்துச்சு."

வீட்டுக்குள் கரண்ட் வந்தது. மெஷின் உறுமத் தொடங்கியது. டீச்சர் உள்ளிருந்து, "வந்துருச்சு, சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு தம்பி, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று கூவியபடி வந்தார். இப்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் பிடிக்கிற பலம் இருக்கவில்லை.

"அவளுக்குத் தெரியாது, சொல்லாத" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை உனக்காக மெழுகுதிரி கொளுத்துறா. கொளுத்தட்டும்."

பிறகு மாலையை இலையோடு என் கையில் வைத்து, வாடுவதற்குள் கோயிலில் கொடுத்துவிடச் சொன்னார். டீச்சர் எனக்கு ஒரு கிளாஸ் சர்பத் ஊற்றித் தந்தார், வெயிலில் நடந்து களைத்திருப்பீர்கள் என்று சொல்லி. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை முழுவதும் குடித்தேன்.